அடி சீவிய உள்ளி

எங்கள் வீட்டு உள்ளியைக் கேட்டு வராத குடும்பம் உரும்பிராயில் எங்கள் பக்கத்தில் குறைவு. கேட்டு வந்த ஒருவரையும் நாங்கள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் கொடுத்த உள்ளியில் ஒரு பல்கூட இன்னொருவர் காணியில் முளைத்ததில்லை. முளைக்காமல் பார்த்துக்கொண்டவன் நான்.

யாழ்ப்பாணத்தில் உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு, விளையுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விவசாயக் கந்தோரிலிருந்து வந்த ஒருவர், எங்கள் கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில் நின்ற இரண்டு வரிசையைப் பார்த்துவிட்டு, இது வெங்காயத்தில் ஏதோ ஓர் இனம் என்று அடித்துச் சொன்னார். அண்ணை ஒரு பல்லை நசுக்கி அவருடைய மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். வந்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்ன உள்ளி, ஊதாத் தோல், கடித்தால் நாக்கைப் பொசுக்கும் காரம். மார்கழி, தையில் நல்ல பனி விழுந்தால் நாலு பல்லாகப் பிரியும். பனி குறைந்த வருடங்களில் பிரியாமல் ஒற்றைப் பல்லாகவே உருண்டு நின்றுவிடும். பிரிந்த வருடத்தில் கிடைத்த மிச்சம் கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்தே தீர்ந்துபோகும். அதனால் அது பெருகியதே இல்லை. தாளோடு சேர்த்துக் கட்டிய ஒரு பிடிக்கு மேல் எங்கள் வீட்டில் தொங்கி நான் கண்டதில்லை. அப்பாவுக்கு அது அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கு அரைத்துக் கறி வைப்பதற்குத்தான் அதைக் கேட்டு வருவார்கள். கடையில் கிடைப்பது சீனாவிலிருந்து வரும் கொழுத்த உள்ளி. பால் சுரக்க அது உதவாது என்பது ஊரின் முடிவு. ஆள் வந்து வாசல் படலையில் நின்றதும் அப்பா என்னைக் கூப்பிடுவார். "துப்புரவாக்கிக் குடு" என்பார். துப்புரவாக்குவது என்றால் பல்லைப் பல்லாகப் பிரித்து, வேர் விடும் அடியைச் சத்தகத்தால் மெல்லியதாகச் சீவிவிடுவது. பனையோலை வகிரும் அந்தச் சின்னக் கத்தியை என் கைக்கென்றே தீட்டி வைத்திருந்தார். ஆழமாக வெட்டினால் வாங்குகிறவர்களுக்கு மனம் நோகும். மேலாகச் சீவினால் மண்ணில் வைத்ததும் வேர் விட்டுவிடும். நகம் வெட்டுகிற அளவுக்கு எடுக்க வேண்டும். பார்த்தால் ஊத்தையை நீக்கியதுபோல் இருக்கும். அண்ணையின் பெரிய விரல்களுக்கு அந்த வேலை வரவில்லை. எனக்கு வந்தது.

ஏன் சீவுகிறோம் என்று ஒருமுறை கேட்டேன். அப்பா மழுப்பவில்லை.

"முளைக்கக் குடுத்தா ஒவ்வொருத்தரும் ஊண்டுவினம். பிறகு எங்கடை படலைக்கு ஆர் வரப்போகினம்?"

அதில் பிழை இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை. உண்மையைச் சொன்னால், நீண்ட காலத்துக்குப் படவில்லை.

நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். கலியாணம் முடித்த நாள் முதல் மானிப்பாயில், மனைவியின் சீதன வீட்டில் இருக்கிறேன். அண்ணை ஊரிலேயே நின்று அதே காணியில் தோட்டம் செய்தார். உள்ளியும் அவரோடு நின்றது. ஆனாலும் யாராவது கேட்டு வந்தால் எனக்குப் போன் எடுப்பார். "உன்ரை வேலை வந்திருக்கு" என்பார். நான் இரண்டு பஸ் மாறிப் போய், சத்தகத்தை எடுத்துச் சீவிக் கொடுத்துவிட்டு, அண்ணியின் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். ஐம்பது வருடமாக ஒரு கத்தியாலும் இரண்டு விரலாலும் குடும்பப் பெருமையைக் காப்பாற்றியிருக்கிறேன். இதைச் சிரித்துக்கொண்டு எழுதத்தான் இருந்தேன், முடியவில்லை.

அண்ணை அந்த உள்ளியை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சண்டைக்குப் பயந்து ஊரில் எல்லோரும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நான் என் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் உள்ளியைத் துவாயில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். நாங்கள் ஒதுங்கியிருந்த வளவின் சொந்தக்காரரிடம் கெஞ்சி, ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் வாங்கி அங்கே ஊன்றினார். சோற்றுக்குக் கறி இல்லாத நாட்களிலும் அதில் கை வைக்க விடவில்லை. நான் அவரைப் பகிடி பண்ணினேன். திரும்பி வந்தபோது என் சான்றிதழ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவருடைய துவாயில் ஒரு பிடி புது உள்ளி இருந்தது.

போன வருடத்துக்கு முந்திய வருடம், கார்த்திகையில், அண்ணை கிணற்றடியில் விழுந்தார். பிரஷர் மண்டைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் இரண்டாம் நாள் ஒருமுறை கண் திறந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"உள்ளியை மாதம் முடிய முதல் ஊண்டிப்போடு."

"ஓம் அண்ணை."

"ஓம் எண்டிட்டுக் கிடப்பாய்" என்றார். என்னை நன்றாக அறிந்த மனிதர். அடுத்த நாள் விடியப் போய்விட்டார்.

அவருக்கு ஒரே மகள், லண்டனில். விசாச் சிக்கலில் வரமுடியாமல் போனில் பார்த்து அழுதாள். கொள்ளி நான் வைத்தேன். ஆட்களுக்குச் சொல்வதும், பந்தல் பார்ப்பதும், ஐயருக்கு அலைவதுமாக எனக்கு அந்த நாட்கள் போயின. அழுவதற்கு நேரம் இருக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எங்கள் உள்ளிப்பிடி அண்ணையின் குசினியில் விறகடுப்புக்கு நேர் மேலே, கூரை வளையில் தொங்கும். அண்ணிக்குக் காஸ் அடுப்பு வந்து பல வருடம். உள்ளிக்குப் புகை வேண்டும் என்பதற்காகவே மழைக்காலத்தில் அண்ணை நாள்தோறும் அந்த விறகடுப்பை மூட்டுவார். செத்தவீட்டோடு அது அணைந்தது. சாப்பாடு அயலிலிருந்து வந்தது. வெளியே மழை விடாமல் பெய்தது. எட்டாம் நாள் எதையோ தேடிக் குசினிக்குள் போனவன் நிமிர்ந்து பார்த்தேன். பிடியில் இருந்த இருபத்தாறு உள்ளியில் அங்கங்கே பச்சை முளை தலைகாட்டியிருந்தது. தோல்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

துடக்கு, சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள். துடக்கு உள்ளவர்கள் விதையைத் தொடக்கூடாது, தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. கொள்ளி வைத்த கை எல்லாக் கைகளிலும் மோசமான கை. எனக்கு இதிலெல்லாம் ஒரு நம்பிக்கையும் இல்லை. வேலை செய்த காலம் முழுதும் இதை நக்கலடித்துத்தான் கந்தோரில் பேர் எடுத்தேன். ஆனால் அண்ணை ஒரு துடக்குக்கும் தோட்டத்தில் இறங்காத ஆள். அதனால் அண்ணியிடம் கேட்டேன்.

"அந்தியேட்டி முடியட்டும் தம்பி" என்றார் அண்ணி. "அவர் காத்த முறையை அவரின்ரை உள்ளியிலையே மீறச் சொல்லுறியளே?"

"அதுக்கிடையிலை அழுகிப்போடும்."

அண்ணி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப வெளியாள் ஆரிட்டையாவது குடுத்து ஊண்டுவியுங்கோ. வெளியாளுக்குத் துடக்கில்லைத்தானே."

வெளியாளைத் தேடிப் போகத் தேவையிருக்கவில்லை. அன்று பின்னேரமே ஒருவர் வந்தார். அண்ணையோடு இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் நின்றவர். முதலில் கூலிக்கு வந்து, பிறகு பங்குக்குச் செய்தவர். அண்ணை விழுந்தபோது கிணற்றடியிலிருந்து தூக்கி வந்தவரும் அவர்தான். செத்தவீட்டில் எங்கள் பந்தலுக்குள் வராமல் படலைக்கு வெளியே நின்று அழுதார். அவருடைய ஆட்கள் எங்கள் வீடுகளுக்குள் வருவதில்லை. அது எங்கள் ஊரின் இன்னொரு முறை. அதை எழுதினால் சொந்தக்காரர் கோபிப்பார்கள், எழுதாவிட்டால் நான் செய்தது விளங்காது.

"ஐயா, உள்ளி முளைவிட்டிருக்கும்" என்றார். "தாருங்கோ, நான் ஊண்டி விடுறன். எனக்குத் துடக்கில்லை. இண்டைக்கே நிலத்தைக் கொத்தி வைச்சிடுவன்."

அந்த இடத்தில் நான் ஓம் என்றிருக்க வேண்டும். அண்ணைக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அதைத் தவிர வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணியும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. அடி சீவாத இருபத்தாறு உள்ளி எங்கள் படலையைத் தாண்டி இவருடைய கைக்குப் போகப்போகிறது. இவர் எத்தனையை ஊன்றுவார், எத்தனையை மடியில் கட்டுவார்? அடுத்த வருடம் இவர் வீட்டு அடுப்புக்கு மேலும் ஒரு பிடி தொங்கும். அதற்கடுத்த வருடம் ஊர் அங்கே போகும்.

"உமக்கேன் கரைச்சல்" என்றேன். "அந்தியேட்டிக்குப் பிறகு நாங்களே ஊண்டுறம்."

"பிந்திப்போடும் ஐயா."

"பிந்தினாப் பரவாயில்லை. அண்ணை துடக்குப் பாக்கிற ஆள்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். வாழ்நாள் முழுதும் துடக்கை நக்கலடித்த நான், ஒரு மனிதரைப் படலையில் வைத்தே திருப்பி அனுப்புவதற்கு அந்தத் துடக்கைத்தான் எடுத்துப் பிடித்தேன். அண்ணி வெளியே வந்து "ஏன் தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் போய்ப் பந்தல் கயிற்றைச் சரிபார்த்தேன்.

மிச்ச நாட்கள் முழுவதும் நான் தவறாமல் போனேன். குசினிக்குள் நின்று நிமிர்ந்து பார்ப்பதுதான் வேலை. விறகடுப்பை மூட்டிப் பார்த்தேன். விறகு ஈரம், பிந்திய புகை பூஞ்சணத்துக்கு ஒன்றும் செய்யவில்லை, முளைகளைத்தான் வாட்டியது. இரண்டு மூன்று தடவை கையை உயர்த்தினேன். யாரும் பார்க்காத நேரம் பிடியை இறக்கிக்கொண்டு போய் ஊன்றியிருக்கலாம். அண்ணிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று பயந்து நின்றேன் என்றால் அது பாதி உண்மைதான். படலையில் வந்து கேட்டவரைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் சொல்லிவிட்டேன். இப்போது நானே அந்தக் காரணத்தை மீறினால் அன்று சொன்னது பொய் என்று ஆகிவிடும். அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் காரியம் முடிந்தது. மறுநாள் விடியவே பிடியை இறக்கினேன். அவிழ்க்கும்போது பாதி தூளாகக் கையோடு வந்தது. இருபத்தாறு உள்ளியிலும் சேர்த்து ஊன்றக்கூடிய பல் பதினொன்று தேறியது. வாய்க்கால் ஓரத்தில், அண்ணை வழக்கமாக ஊன்றும் இடத்தில், முழங்கால் நோக இருந்து ஊன்றினேன். ஒன்பது முளைத்தன. ஒவ்வொரு காலையும் மானிப்பாயிலிருந்து போய்த் தண்ணீர் விட்டேன், புல் பிடுங்கினேன். அறுபத்தைந்து வயதில் முதல் முறையாகத் தோட்டம் செய்கிறேன் என்று அயலில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றிருந்தேன். அந்த ஒன்பதும் நிற்கும்வரை எனக்கு மன்னிப்பு இருக்கிறது என்று நம்பினேன்.

தையில் காலம் தப்பிய மழை மூன்று நாள் கொட்டியது. கார்த்திகையில் ஊன்றியிருந்தால் அந்த மழையைத் தாங்கும் அளவுக்கு வேர் இறங்கியிருக்கும். ஒரு மாதம் பிந்திய பயிர் தாங்கவில்லை. இலை மஞ்சளானது. பிடித்து இழுத்தால் கீழ்ப்பகுதி கூழாக வந்தது. பங்குனியில் கிண்டியபோது ஒன்றே ஒன்று கிடைத்தது. கடலைப் பருமன், பிரியாத ஒற்றைப் பல்.

அதைத் துணியில் முடிந்து மானிப்பாய் வீட்டுக் குசினியில் தொங்கவிட்டுத் தேங்காய்ப் பொச்சுமட்டை கொளுத்திப் புகை போட்டேன். "ஒரு பல்லுக்கு வீடு முழுக்கப் புகையோ?" என்று மனைவி ஏசினாள். அடுத்த கார்த்திகை பிறந்ததும் முடிச்சை அவிழ்த்து இரண்டு விரலால் அழுத்தினேன். உள்ளே ஒன்றும் இல்லை. தோல் மட்டும் ஊதாவாக இருந்தது.

கடை உள்ளியை ஊன்றிப் பார்த்தேன். மலைநாட்டு உள்ளியை ஒருவர் மூலம் எடுப்பித்து ஊன்றினேன். அழகாக இலை வந்தது, கீழே ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் அது எங்கள் உள்ளி இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. ஐம்பது வருடமாக எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். என் கத்தி ஒருமுறையாவது பிழைத்திருக்காதா? சீவாமல் விட்ட ஒரு பல், ஒரே ஒரு பல், எங்காவது ஒரு வேலியோரம் முளைத்து நின்றிருக்காதா? பிழையே விடாத கை என்று பெருமைப்பட்டவன், என் பிழையைத் தேடி வீடு வீடாகப் புறப்பட்டேன்.

முதலில் போனது நாலு பிள்ளை பெற்ற ஒரு ரீச்சரின் வீட்டுக்கு. நாலு தடவையும் நான்தான் சீவிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"உங்கடை உள்ளி எப்பிடி முளைக்கும்? அடியைச் சீவிப்போட்டுத்தானே தாறனீங்கள்."

"உங்களுக்கு அது தெரியுமோ?"

"தெரியாமல் என்ன? அம்மாவே சொல்லுறவ, பாத்து வாங்கு பிள்ளை, கறிக்கு மட்டும்தான் உதவும் எண்டு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஐந்து ஆறு வீடு ஏறினேன். எல்லா வீட்டிலும் அதே பதில். எல்லோருக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எங்கள் படலையில் நின்று வாங்கியிருக்கிறார்கள், தெரியாததுபோல் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒருவராவது கோபப்பட்டுப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒருவருக்கும் கோபம் இல்லை. எங்களைப் பற்றி அவர்கள் முன்பே முடிவு செய்து, அதோடு சமாதானமாகிவிட்டிருந்தார்கள்.

நான் படலையில் வைத்துத் திருப்பி அனுப்பியவரின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அண்ணி இப்போது காணியை அவருக்குத்தான் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார். அவரும் மனைவியும் முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கதிரை எடுத்துப் போட்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள். எங்கள் அப்பா அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. நான் குடித்தேன். அதில் எனக்கொரு பெருமையும் இல்லை, கேட்டுப் போனவன் கொடுத்ததைக் குடிக்கத்தான் வேண்டும்.

"எங்கடை உள்ளி உங்களிட்டை ஏதும் நிக்குதோ எண்டு கேக்க வந்தனான்."

"இல்லை ஐயா."

"அண்ணை ஒருக்காலும் தரேல்லையோ? ஊண்டுறதுக்கு?"

"கேட்டனான். பிறகு பாப்பம் எண்டவர். எனக்கு எத்தினையோ செய்த மனுசன். உதிலை மட்டும் எப்பவும் பிறகு பாப்பம்தான்."

அவருடைய மனைவி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மூத்தவள் பிறக்கேக்கை தந்த உள்ளியிலை ரண்டு பல்லைச் சாப்பிடாமல் எடுத்து வைச்சு ஊண்டினனான். வரேல்லை. இவர்தான் கிண்டிப் பாத்திட்டு, உதுக்கு அடி இல்லை எண்டவர்."

அந்த இரண்டு பல்லின் அடியையும் நான்தான் எடுத்திருப்பேன். எப்போது, எந்த நாளில் என்று ஞாபகம் இல்லை. அவ்வளவு சாதாரணமான வேலையாக இருந்திருக்கிறது.

"அண்டைக்கு உங்களிட்டைத் தந்திருந்தால்" என்று தொடங்கினேன்.

"தந்திருந்தா ஊண்டியிருப்பன். ஒண்டும் பழுதாகியிராது" என்றார். கையிலிருந்த பிடியைக் கட்டி முடித்துக் கீழே வைத்தார். "ஆனா ஐயா, நீங்கள் நினைச்சதும் சரி. நாலைஞ்சு பல்லு நான் எடுத்திருப்பன். எடுக்கிற எண்ணத்தோடைதான் வந்தனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எடுத்திருந்தா இண்டைக்கு அரைவாசி உங்களுக்குத் தந்திருப்பன். ஊண்டக்கூடியதாத்தான் தந்திருப்பன்."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பிடிக்கு வெங்காயத்தை அள்ளினார். எனக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. அவருடைய மனைவி எழும்பி உள்ளே போனார். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். அண்ணைக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.